கொண்டல்குப்பத்தின் மிகச் சின்ன வலை

கடலூர் முதுநகருக்குத் தெற்கே, உப்பனாற்றுக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் கொண்டல்குப்பத்தில் வலைக்குற்றவாளிகளுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. தடை செய்த சுருக்குவலையைப் போட்டவர் உண்டு. அடுத்தவர் வலை மேல் படகை ஓட்டியவர் உண்டு. தன் வலையை அடுத்தவர் படகுக்குக் குறுக்கே போட்டுவிட்டு, அந்தப் படகுக்காரரையே பஞ்சாயத்துக்கு இழுத்தவரும் உண்டு. ஆனால் படகில் ஒருமுறைகூடக் கால் வைக்காமல், ஒரு நெத்திலிக்குக்கூடத் தீங்கு செய்யாமல், ஊர்ச் சட்டங்களில் மூன்றை ஒரே மூச்சில் மீறிய பெருமை சின்னதம்பி மகள் எழிலரசி ஒருத்திக்கே உரியது. அதையும் அவள் ஒலிபெருக்கியில் செய்தாள்.

எழிலரசிக்குத் தன்மேல் இருந்த நம்பிக்கை சிறு வயதிலிருந்தே ஊரறிந்தது. சுனாமிக்குப் பிறகு நிவாரணக்காரர்கள் வீடு வீடாக வந்து, "உங்களுக்கு என்ன தேவை?" என்று கேட்டபோது, ஊரே ஒரே குரலில் ஃபைபர் படகு என்றது. படகே இல்லாதவர்களும், இருந்த படகு பத்திரமாக நின்றவர்களும் படகு என்றார்கள். அப்போது பி.எஸ்ஸி. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த எழிலரசி மட்டும், "எனக்கு எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் சீட்டு வேணும், சிதம்பரத்துல" என்றாள். வந்தவர் அப்படி ஒரு பொருள் தங்களிடம் இருப்பு இல்லை என்றார். "வரவழைங்க சார், நான் இருக்கேன்" என்றாள். எப்படியோ அது வந்தது. அந்த வருடம் குப்பத்துக்கு வந்த நிவாரணப் பொருள்களில் பழுதே ஆகாமல் ஓடியது அது ஒன்றுதான் என்று அவள் அம்மா அமராவதி மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பல தெருக்களில் சொல்லியிருக்கிறாள்.

எம்.எஸ்ஸி. முடிந்து, அதே சிதம்பரத்தில் பேராசிரியர் சுப்பராயலுவிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். தினமும் காலையில் முதுநகரில் பஸ் ஏறி, சிப்காட் தாண்டி, புதுச்சத்திரம் தாண்டி, பி.முட்லூரில் ஜன்னல் ஓர இடத்தைப் பிடித்துவிடுவாள். உட்கார்ந்ததும் அவள் நினைப்பதெல்லாம் ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரைப் பற்றித்தான்.

அந்தச் சொட்டில் நடப்பது இதுதான். ஒரு கண்ணாடிச் சில்லின் மேல் தங்கத்தில் இரண்டு கோடுகள். தங்கம் என்றதும் அடகுக்கடை வரை யோசிக்க வேண்டாம். மூச்சு விட்டால் பறந்துவிடும் கனம். இரண்டு கோடுகளுக்கும் நடுவே தலைமுடியைவிடக் குறுகலான சந்து. அந்தச் சந்தின் மேல், ரொட்டிக் கடையில் மாவு பொங்க வைப்பதற்குப் போடும் ஈஸ்ட்டைக் கரைத்த சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டு. கோடுகளில் மின்சாரம் கொடுத்து, அதை நொடிக்குப் பத்து லட்சம் தடவை திசை மாற வைத்தால், உயிருள்ள ஈஸ்ட் செல்கள் எல்லாம் பந்தியில் முதல் வரிசைக்கு ஓடும் விருந்தாளிகள் மாதிரி தங்கக் கோட்டின் ஓரத்துக்கு ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். திசை மாறும் வேகத்தை நன்றாகக் குறைத்தால், அதே செல்கள் மொய் மேசையைப் பார்த்த விருந்தாளிகள் மாதிரி விலகி ஓடும். செத்த செல்லுக்கு எந்த அவசரமும் இல்லை. அதன் தோல் ஓட்டையாகி உள்ளே இருந்த உப்பெல்லாம் வெளியேறிவிட்டதால், மின்புலத்துக்கு அதன்மேல் பிடி கிடைப்பதில்லை. ஆக, தொடாமல், குத்தாமல், உயிருள்ளதைத் தனியாகவும் செத்ததைத் தனியாகவும் பிரிக்கலாம். நாளைக்கு இதே முறையில் ரத்தத்தில் நோய்ப்பட்ட செல்லைப் பொறுக்கி எடுக்கலாம். உலகத்தில் பல ஊர்களில் பலர் இதைச் செய்கிறார்கள் என்பதை எழிலரசி ஒருபோதும் மறைத்ததில்லை. "ஆனா சிதம்பரத்துல நான்தான்" என்று கூடவே சொல்லிவிடுவாள்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில், பெங்களூரில் நடந்த ஒரு கருத்தரங்கில் அவளுக்குப் பரிசு கிடைத்து, பேப்பரில் தபால்தலை அளவுக்குப் படம் வந்தது. அந்த ஆடித் திருவிழாவில் ஊர் அவளுக்குப் பொன்னாடை போர்த்தியது. மைக்கைக் கையில் கொடுத்து, "நீ சிதம்பரத்துல இன்னா பண்றன்னு நம்ம சனத்துக்குப் புரியற மாதிரி சொல்லும்மா" என்றார்கள்.

அங்கேதான் வந்தது வினை. படித்தவர்கள் பொதுவாகச் செய்வது போல யாருக்கும் புரியாத மாதிரி பேசியிருந்தால் கைதட்டு வாங்கி வீடு போய்ச் சேர்ந்திருப்பாள். எழிலரசி புரியும்படி பேசினாள். மீனவர்களுக்கு மீன்பிடிப்பாகவே சொன்னால் மனசில் நிற்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"நானும் நம்ம தொழில்தான் பண்றேன். கரண்ட வச்சு உயிரோட புடிக்கிறேன். என் வலைக்கண்ணு ரொம்பச் சின்னது, எவ்வளவு பொடிசா இருந்தாலும் தப்பாது. ஒரே போடுல ஆயிரக்கணக்குல வரும்."

கூட்டம் கைதட்டவில்லை. அந்த அமைதியைப் பிரமிப்பு என்று எடுத்துக்கொண்டு அவள் கீழே இறங்கினாள்.

கொண்டல்குப்பத்தில் எப்படிப் பிடிக்கக் கூடாது என்பதற்கு மூன்று சட்டங்கள் உண்டு. கரண்ட் வைத்து மீன் பிடிக்கக் கூடாது. சின்னக் கண் வலை போடக் கூடாது. குஞ்சு மீனை அள்ளக் கூடாது. அதிலும் அந்த வருடம் உப்பனாற்றில் யாரோ வெளியூர்க்காரர்கள் இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் கொண்டுவந்து ஒயரைத் தண்ணீரில் விட்டு, குஞ்சும் குளுவானுமாக மீனை மிதக்க வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஊர் கொதித்துப் போயிருந்த நேரம். அந்த நேரத்தில், ஊர்ப் பெண் ஒருத்தி அம்மன் முன்னால் மைக் பிடித்து, மூன்று குற்றத்தையும் வரிசை மாறாமல் ஒப்புக்கொண்டாள். குற்றவாளியே வாக்குமூலத்தை ஒலிபரப்புகிற வழக்கு எந்தப் பஞ்சாயத்துக்கும் லேசில் கிடைக்காது.

மறுநாளே வலைக்கூடத்தில் பஞ்சாயத்து கூடியது. அங்கே பெண்கள் பேசும் வழக்கம் இல்லை என்பதால் எழிலரசிக்காகச் சின்னதம்பி நின்றார். ஊர்த் தலைவரான நாட்டாராக உட்கார்ந்திருந்தவர் கண்ணாயிரம், அமராவதியின் அண்ணன். ஒரு கண்ணில் புரை விழுந்து பார்வை போனவர் என்றாலும், மீதியிருந்த கண்ணால் ஊர் முழுவதையும் பார்த்துக்கொண்டவர்.

"ஒம் பொண்ணு இன்னாத்தடா புடிக்கிறா அங்க?" என்று கேட்டார்.

"அது... ரொட்டியில போடுறதாம் மச்சான்."

"ரொட்டியில போடுறத எதுக்குப் புடிக்கணும்?"

பஞ்சாயத்தில் இன்னொருவரான சுப்பிரமணியன் குறுக்கிட்டார். எந்தப் பேச்சிலும் சந்தேகம் கேட்பதைத் தன் பங்காக வைத்துக்கொண்டவர் அவர். "கண்ணு எம்மாம் சைஸுன்னு கேளுங்க. வலைக்கண்ணு."

"மயிர விடச் சின்னதுன்னுச்சு" என்றார் சின்னதம்பி. பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

கூடத்தில் பெருமூச்சு எழுந்தது. சுருக்குவலைக்காரர்கள்கூட அதிர்ச்சியடைந்து தலையில் கை வைத்தார்கள். தங்களைவிடப் பெரிய பாவி ஊரில் இருப்பதில் அவர்களுக்கு ஏற்பட்ட ஆறுதல் முகத்திலேயே தெரிந்தது.

தீர்ப்பு இப்படி வந்தது. எழிலரசி அம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்து, இனிமேல் கரண்டால் எந்த உயிரையும் பிடிப்பதில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். செய்யும் வரை சின்னதம்பியின் படகு கரையில் நிற்கும்.

அன்று சாயங்காலம் வீட்டில் அமராவதி தாளிக்கும் சத்தமே கோபமாகக் கேட்டது. "ஒரு சொட்டுத் தண்ணிக்குள்ள இருக்கிறத நீ புடிக்கப் போயி, ஒங்கப்பா கடலயே விட்டுட்டுக் குந்திக்கினு இருக்காரு. சத்தியம் பண்ணிட்டு வேற எதாச்சும் படியேன். பிசிக்ஸுல கரண்டு இல்லாத பாடமே கெடையாதா?"

சின்னதம்பி வெளியே போய், ஓடாத படகைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதுதான் எழிலரசிக்குத் தாங்கவில்லை. ஆராய்ச்சியை விட்டால் படகு ஓடும். ஆராய்ச்சியைத் தொடர்ந்தால் படகு நிற்கும். இரண்டில் ஒன்று என்று ஊர் சொல்லிவிட்டது. இரண்டும் வேண்டும் என்று அவள் நேரே கண்ணாயிரம் வீட்டுக்குப் போனாள்.

"மாமா, நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

"அப்ப படகு நிக்கும்."

"பாக்காத வலைக்குத் தீர்ப்பு சொல்லிட்டீங்களே மாமா. நம்ம ஊர்ல வலையக் கொண்டாந்து விரிச்சு, கண்ணை அளந்து பாத்துட்டுத்தானே சொல்வீங்க?"

கண்ணாயிரம் தாடையைச் சொறிந்தார். அது உண்மை. அளக்காமல் தீர்ப்புச் சொன்னதாக ஊரில் பேச்சு வந்தால் நாட்டாமைக்கு இழுக்கு.

"கொண்டா, அளப்போம்."

"கொண்டாற முடியாது. நீங்கதான் வரணும். அஞ்சு பேருக்கும் டீ, வடை என் பொறுப்பு."

இப்படியாக ஒரு வியாழக்கிழமை, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டோடு ஐந்து பஞ்சாயத்தார் சிதம்பரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். சுப்பிரமணியன் கையில் மட்டும் கூடுதலாக ஒரு குளிர்பான பாட்டில், நிறையக் கடல் தண்ணீர். எதற்கு என்று கேட்டதற்கு, "இருக்கட்டும்" என்றார். ஐவரையும் பார்த்த வாயிற்காவலர் ஏதோ கட்சியின் மாவட்ட நிர்வாகிகள் என்று நினைத்து எழுந்து நின்றார். அந்த மரியாதையை அவர்கள் மறுக்கவில்லை.

பேராசிரியர் சுப்பராயலு வேறு மாதிரி பயந்தார். "ஏம்மா, ஊரே திரண்டு வந்திருக்கே. என்ன தப்பு பண்ணின?"

"சின்னக் கண் வலை போட்டுட்டேன் சார்."

அவருக்குப் புரியவில்லை. புரியாததைக் காட்டிக்கொள்ளாமல் தலையாட்டுவதில் முப்பது வருட அனுபவம் அவருக்கு இருந்தது.

ஆய்வகத்தில் நுழைந்ததும் சுப்பிரமணியன் முதல் சந்தேகத்தைக் கிளப்பினார். "பொண்ணு பேசலாமா இங்க? பஞ்சாயத்து ஆச்சே."

"பேசக்கூடாதுங்கறது வலைக்கூடத்துச் சட்டம் மாமா. இது பிசிக்ஸ் லேப்" என்றாள் எழிலரசி. சுப்பிரமணியன் சுற்றிலும் பார்த்து, இது வலைக்கூடம் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு உட்கார்ந்தார்.

மைக்ராஸ்கோப்பின் கேமரா பழுதாகி மாதக்கணக்காக அலமாரியில் கிடந்தது. அதனால் கண்ணாடி வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கும் பழைய ஒற்றைக்குழல் மைக்ராஸ்கோப்பின் அடியில் சில்லைப் பொருத்தினாள். மற்ற நால்வரும் எந்தக் கண்ணை மூடுவது, எதைத் திறப்பது என்று திணறி, இரண்டையும் மூடிக்கொண்டு "தெரியுது, தெரியுது" என்றார்கள். கண்ணாயிரத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. நல்ல கண்ணை வைத்தார், பார்த்தார்.

"முட்டை முட்டையா மெதக்குது. ரெண்டொண்ணு நீலமா இருக்கு."

"நீலமா இருக்கிறது செத்தது மாமா. சாயம் போட்டிருக்கேன். இப்ப கரண்டு விடறேன், பாருங்க."

குமிழைத் திருப்பினாள். கண்ணாயிரம் குழலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"டேய்... ஓடுதுடா. எல்லாம் ஓரத்துக்கு ஓடுது. ஒண்ணு முதுகுல ஒண்ணு தொத்திக்கினு சரம் சரமா நிக்குது. நீலம் மட்டும் சும்மாக் கெடக்கு. செத்தத விட்டுட்டு உசுரோட இருக்கிறத மட்டும் எப்படிப் புடிக்குது?"

அவர் குரலில் இருந்தது வியப்பு. ஆனால் தீர்ப்புக்கு அது நல்லதல்ல. கடலில் நாற்பது வருடம் வலை வீசியவருக்கு இப்படி ஒரு வலையின் அருமை தெரியும். அருமை தெரிந்தால் ஆபத்தும் தெரியும்.

தலையை நிமிர்த்தினார். "கடல்ல மட்டும் இது எறங்குச்சுன்னா ஒரு முட்டைகூட மிஞ்சாது."

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. அந்த வருடம் தமிழ்நாட்டில் அது செய்தியே அல்ல, வந்தால்தான் செய்தி. எழிலரசி நெற்றியில் அடித்துக்கொள்ளப் போனாள். ஜன்னல் வெளிச்சம் இருந்ததால் கண்ணாயிரம் மறுபடி குனிந்தார்.

"அட, கலையுதே. சரம் அறுந்து தனித்தனியாப் போவுதே."

"கரண்டு நின்னா விட்டுடும் மாமா. எதுக்கும் ஒரு கீறல் கெடையாது. அதது பாட்டுக்குப் போயிரும்."

"வலை போட்டுப் புடிச்சு, சும்மா விட்டுடறதுக்கா இத்தினி வருசம் படிச்ச?" என்றார் சுப்பிரமணியன். அதற்குத் துறையில் பலரிடமும் பதில் கிடையாது.

மின்சாரம் வரும் வரை டீயும் வடையும் நடந்தன. வந்ததும் சுப்பிரமணியன் பாட்டிலை மேசை மேல் வைத்தார். "சர்க்கரைத் தண்ணியில புடிச்சா நமக்கின்னா? மீனு சர்க்கரைத் தண்ணியிலயா வாழுது? இதுல புடிச்சுக் காட்டச் சொல்லுங்க."

எழிலரசி பாட்டிலைப் பார்த்தாள். என்ன ஆகும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். கடல் தண்ணீரில் உப்பு அதிகம். மின்சாரம் செல்லைக் கவனிக்காமல் தண்ணீர் வழியாகவே பாய்ந்து போய்விடும். செல் அசையாது. தண்ணீர் சுடும், குமிழி கிளம்பும், தங்கக் கோடு பொசுங்கும். அந்தச் சில்லு துறையில் இருந்த கடைசிச் சில்லு. கடைசி அளவுகளை அதில்தான் எடுக்க வேண்டும். புதியது பெங்களூரிலிருந்து வர வேண்டும்; அதற்கான கோரிக்கை துறைத் தலைவரின் மேசையில் கையெழுத்துக்காக நெடுங்காலமாகத் தவம் இருந்தது.

"கடல் தண்ணியில புடிக்காதுன்னு எழுதிக் கொடுத்துடலாமே" என்று சுப்பராயலு அவள் காதருகே கிசுகிசுத்தார். "தியரி இருக்கு, கிராஃப் இருக்கு."

"கிராஃப அளக்க மாட்டாங்க சார்."

பாட்டிலைத் திறந்தாள். சில்லைக் கழுவி, ஈஸ்ட் கரைத்த கடல் தண்ணீரை ஒரு சொட்டு வைத்தாள். "பாருங்க மாமா" என்று சொல்லி, குமிழைத் திருப்பினாள்.

கண்ணாயிரம் பார்த்தார். "எதுவும் ஓடல. நின்ன எடத்துலயே நிக்குது. குமிழி வருது. ஆங்... கோடு கருகுது. போச்சு, கோடே போச்சு."

பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணாயிரம் நிமிர்ந்து, துண்டால் முகம் துடைத்து, அங்கேயே, பிசிக்ஸ் லேப் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தீர்ப்புச் சொன்னார். இந்த வலை கடலில் எடுபடாது. ஆற்று முகத்திலும் எடுபடாது. ஆகையால் சின்னதம்பி நாளைக்கே கடலுக்குப் போகலாம்.

நால்வரும் துண்டை உதறி எழுந்தார்கள். எழிலரசி எழவில்லை.

"மாமா, என் வழக்கு ஒண்ணு இருக்கு."

"ஒனக்கு இன்னா வழக்கு?"

"ஒருத்தர் வலை இன்னொருத்தரால கெட்டுப்போனா, கெடுத்தவங்கதானே மறு வலைக்கு வழி பண்ணணும்? என் வலை பஞ்சாயத்துத் தண்ணியில கருகிப் போச்சு."

சுப்பிரமணியன் பாய்ந்தார். "அந்தச் சட்டமெல்லாம் வலை வச்சிருந்து ஊர் வரி கட்டுற தலைக்கட்டுக்கு. பொம்பளைக்குத் தலைக்கட்டு ஏது?"

"அப்ப இது வலை இல்லைங்கறீங்களா? வலை இல்லன்னா எங்கப்பா படக எதுக்குக் கரையில நிறுத்துனீங்க?"

வலை என்றால் மறு வலை தர வேண்டும். வலை இல்லை என்றால், இல்லாத வலைக்கு ஒரு படகை நிறுத்தி வைத்த பஞ்சாயத்து என்று பக்கத்துக் குப்பங்கள் சிரிக்கும். கண்ணாயிரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். போக வழி இல்லை. பிறகு, தங்கை மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைவிடப் பெருமைதான் ஜாஸ்தி என்று சின்னதம்பியிடம் பின்னாளில் சொன்னவர் சுப்பிரமணியன். அதையும் சந்தேகமாகத்தான் சொன்னார்.

"வலைதான்" என்றார் கண்ணாயிரம். "மறு வலை யாருகிட்ட கேக்கணும்?"

எழிலரசி துறைத் தலைவரின் அறையைக் காட்டினாள்.

ஐந்து பேரும் அந்த அறையின் முன் வராந்தாவில் போய் வரிசையாக உட்கார்ந்தார்கள். கோஷம் இல்லை, பேச்சு இல்லை. நடுக்கடலில் மீன் வரக் காத்திருப்பவர்களுக்குக் காத்திருப்பு ஒரு வேலையே அல்ல. துறைத் தலைவர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். மூன்றாம் முறை, "என்ன வேணும் உங்களுக்கு?" என்றார்.

"எங்க பொண்ணோட வலை" என்றார் கண்ணாயிரம்.

விளக்கம் கேட்பதைவிடக் கையெழுத்துப் போடுவது சுலபம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தவத்தில் இருந்த கோரிக்கைக்கு அன்று மாலையே மோட்சம் கிடைத்தது.

மறுநாள் விடிய, சின்னதம்பி படகை இறக்கினார். புதுச் சில்லு மழைக்காலம் முடிவதற்குள் வந்தது. டிசம்பர் கடைசியில் 'தானே' என்று பேர் வைத்த புயல் வந்து துறையின் கூரையையும் ஊரின் கூரையையும் சமமாகப் பிய்த்துப் போட்டும், எழிலரசி பெட்டியில் பூட்டி வைத்திருந்த அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசி அளவுகளை எடுத்தாள். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் டாக்டர் ஆனாள். அமராவதி அந்தப் பட்டத்தை மீன் விலையோடு சேர்த்துத் தெருத்தெருவாகக் கூவினாள்.

ஆனால் ஒரு தீர்ப்புக்கு வால் உண்டு என்பதைப் பஞ்சாயத்து யோசிக்கவில்லை. வலை உண்டு என்றால் தலைக்கட்டு உண்டு; தலைக்கட்டு உண்டு என்றால் திருவிழா வரி உண்டு; வரி கட்டியவர் பஞ்சாயத்தில் பேசலாம். எழிலரசி வரியைக் கட்டிவிட்டு, அடுத்த கூட்டத்தில் வலைக்கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். அன்றைய பொருள் உப்பனாற்றில் ஒயர் விடுகிறவர்களை என்ன செய்வது என்பது. அவள் எழுந்து, ஆற்றுத் தண்ணீரில் உப்பு எவ்வளவு, அதில் மின்சாரம் எவ்வளவு தூரம் போகும், பிடித்தவனே செத்துப்போக என்ன வாய்ப்பு என்று பேச ஆரம்பித்தாள். டீ இரண்டு தடவை ஆறியது. எதிலும் சந்தேகம் கேட்கும் சுப்பிரமணியனுக்கே கேட்கச் சந்தேகம் மிஞ்சவில்லை.

"அன்னிக்கே இது வலை இல்லன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம்" என்றார் அவர், பக்கத்தில் இருந்த கண்ணாயிரத்திடம், குரலைத் தாழ்த்தி.

"சும்மா இரு" என்றார் கண்ணாயிரம். "அவ பேசட்டும்."